தொண்ணூற்றிரண்டுக்கு மேல்

எதிராளி தராசில் ஏறியபோது, சுவரோரம் உட்கார்ந்திருந்த அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

தொண்ணூறு புள்ளி எட்டு.

"தொண்ணூத்திரண்டுக்கு மேல இருந்தாத்தான் இந்த வெயிட்ல ஆட முடியும். ஒம்பது மணி வரைக்கும் டைம். அப்புறம் நோட்ட மூடிருவேன்" என்றார் எடை எழுதுகிறவர்.

மணி எட்டு பத்து.

அவனுடைய எடை நூற்றெட்டு. அவனைப் பற்றி யாரும் சந்தேகப்பட முடியாத ஒரே விஷயம் அதுதான்.

மூன்று வருடமாக மாநிலக் குத்துச்சண்டை சாம்பியன். மூன்று வருடமும் அந்த எடையில் வந்தது அவன் ஒருவன்தான். கையுறை மாட்டுவான். ரிங்கில் ஏறுவான். நடுவர் அவன் கையைத் தூக்கிக் காட்டுவார். இறங்கி வந்து கையுறையைக் கழற்றுவான்.

வியர்த்திருக்காது.

பயிற்சி மன்றத்தில் அவனுக்கு அடுத்த எடை எழுபத்தொன்று. அந்தப் பையன்கள் அவன் முகத்தில் குத்த வேண்டுமானால் எம்ப வேண்டும். மாஸ்டர் எம்ப விடமாட்டார்.

போதாததற்கு அந்த வீடியோ. அவன் ஓங்கி விட்ட ஒரு குத்தில் குத்து மூட்டை கிழிந்து, உள்ளே அடைத்திருந்த பழந்துணியெல்லாம் கொட்டிய வீடியோ. மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். வியாசர்பாடி முழுக்க ஃபிளெக்ஸ். 'இடி இறங்கியாச்சு.'

வீடியோவுக்குக் கீழே ஒருவர் மட்டும் கேட்டிருந்தார்: இவர் இதுவரை மனுஷன் யாரையாவது அடிச்சிருக்காரா?

அந்தக் கேள்விக்கு விழுந்த ஒரே லைக் அவனுடையது.

அடுத்த மாதம் தேசியப் போட்டி. அங்கே அவன் எடையில் இருபது பேராவது இருப்பார்கள். முகத்தில் ஒரு குத்து விழுந்தால் தான் என்ன செய்வோம் என்று அவனுக்குத் தெரியாது. நிற்கலாம். விழலாம். எல்லோர் முன்னாலும் அழுதுவிடவும் கூடும்.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அதற்கென்றே ஒருவன் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தான். பெயர் ஜெபஸ்டின். ஒன்றேகால் கிலோ குறைவாக.

சாம்பியன் தன் பையிலிருந்த ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஜெபஸ்டின் படியில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தான்.

"விடிஞ்சதுல இருந்து ரெண்டு லிட்டர் குடிச்சாச்சுண்ணே. இனி உள்ள எறங்காது."

"எறங்கும்."

இறங்கியது. பாதி பாட்டிலில் ஜெபஸ்டின் கண் கலங்கினான்.

"ஏம்பா, தொண்ணூத்திரண்டுக்கு உள்ளயே ஆடிருக்கலாம்ல?"

"அதுல ஏழு பேருண்ணே. எல்லாவனும் அடிக்கான். இதுல ரெண்டே பேரு. தோத்தாலும் சில்வரு. போலீஸ் வேலைக்கு மார்க்கு உண்டு."

நியாயம்தான். அவன் அடுத்த பழத்தை உரித்தான்.

மாஸ்டர் வந்து நின்றார். ஜெபஸ்டினைப் பார்த்தார். பழத்தைப் பார்த்தார்.

"இன்னாடா பண்ற? அவன் வெயிட்டு வரலன்னா கோல்டு நம்மளுது. தெரியும்ல?"

"தெரியும் மாஸ்டர்."

ஜெபஸ்டினிடம் பழத்தை நீட்டினான். மாஸ்டர் டீ குடிக்கப் போய்விட்டார்.

"ஒண்ணுக்கு வருதுண்ணே."

"அடக்கிக்கோ."

ஒரு ஏப்பம் வந்தது. அதிலும் ஐம்பது கிராம் போய்விட்டிருக்குமோ என்று இரண்டு பேரும் பயந்தார்கள்.

எட்டு ஐம்பத்தாறு.

தொண்ணூற்றிரண்டு புள்ளி ஒன்று. எழுதுகிறவர் எழுதிக்கொண்டார்.

ஜெபஸ்டின் தராசிலிருந்து இறங்கி வந்து அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"ஒங்க வீடியோ பாத்திருக்கேன்ணே. இவ்வளவு பண்ணிருக்கிய. என்னால ஒங்களுக்குச் செரமம் வேண்டாம். மணி அடிச்சதும் விழுந்துருதேன்."

சொல்லிவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினான்.

அவன் அதே சுவரோரம் போய் உட்கார்ந்தான். பையில் வாழைத்தோல்கள் இருந்தன. ஜெயித்து ஜெயித்து உடம்பெல்லாம் அசதியாக இருந்தது.

மத்தியானம் மூன்று மணிக்கு ரிங்.

முதல் முறையாக எதிர் மூலையில் ஓர் ஆள். கூட்டம் ஃபோனைத் தூக்கிப் பிடித்திருந்தது. நடுவர் இருவரையும் நடுவே கூப்பிட்டுக் கையுறைகளைத் தொட்டுக்கொள்ளச் சொன்னார்.

ஜெபஸ்டின் அவனைப் பார்க்கவில்லை. ரிங்கின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது மூலைப் பக்கம் விரிப்பு கொஞ்சம் தடிப்பாக இருந்தது. ஜெபஸ்டினின் கண் அங்கே போய் நின்றது. விழுவதற்கு இடம் பார்த்தாயிற்று.

மூன்று வருடம். நூற்றெட்டு கிலோ. மூன்று லட்சம் பேர்.

அவன் வாய்க்கவசத்தைக் கையுறையால் நெம்பி எடுத்தான்.

"அந்த மூட்டை மின்னாடியே கிழிஞ்சுதான்பா இருந்துச்சு."

நடுவர் முறைத்தார்.

ஜெபஸ்டினின் தலை மெல்ல நிமிர்ந்தது. பழைய பைக் வாங்க வந்தவன் போல அவனை மேலும் கீழும் பார்த்தான். ஒரு முறை பார்த்தது போதாமல் இன்னொரு முறை பார்த்தான்.

"அப்போ, கோல்டுக்கு எத்தன மார்க்குண்ணே?"

மூன்று தங்கம் வாங்கியும் அவனுக்கு அது தெரியவில்லை. வாய்க்கவசத்தைத் திரும்பக் கடித்துக்கொண்டான்.

ஜெபஸ்டின் தோளை ஒரு சுற்று சுற்றிக்கொண்டான்.

மணி அடித்தது.

கண்ணை மட்டும் மூடிவிடக் கூடாது என்று அவன் நினைத்துக்கொண்டான்.