இடது குழல்

மலாக்கா கடைத்தெருவில் துப்பாக்கி பழுதுபார்க்கும் வேலப்பனின் மடியில், ரெம்பியா எஸ்டேட் துரையின் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி மாலை வெயில்பட்டுக் கிடக்கிறது. சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே எறியும் சுருள்வில் இடது குழலில் எப்போதோ உடைந்துவிட்டது. பன்றி வேட்டையில் துரை சுட்டதும், கொதிக்கக் கொதிக்க ஒட்டிக்கிடக்கும் கூட்டைக் கட்டைவிரலால் நோண்டியெடுப்பது கூடப்போகும் சுப்பனின் வேலை. துப்பாக்கியைக் கொண்டுவந்து எதிரே குந்தியிருக்கும் சுப்பனின், நகம் போன அந்த விரல் கருகிப் பளபளக்கிறது. வேலப்பன் புது வில்லைப் பொருத்துகிறார். வெற்றுக்கூடுகள் இரண்டைப் போட்டு மூடி, விசைகளைத் தட்டி, துப்பாக்கியை மடக்கித் திறக்கிறார். இரண்டும் ஒன்றாய்த் துள்ளிச் சுவரில் மோதி உருள்கின்றன. அதற்குள் சுப்பனின் கட்டைவிரல் இடது குழலுக்குள் போய்விட்டிருக்கிறது. “வெரல எடுங்கண்ணே. இனிமே அதுவே வந்து விழுந்துரும் லா,” என்கிறார் வேலப்பன். சுப்பன் எடுக்கவில்லை. குழல் குளிர்ந்திருக்கிறது.