கூட நடந்தவர்கள்

பின்னால் யாரோ வந்துகொண்டிருந்தார்கள். டோரீன் டீச்சர் நின்றாள். காலடிச் சத்தமும் நின்றது. நடந்தாள், அதுவும் நடந்தது.

விடிந்தும் விடியாத நேரம். பனிமூட்டத்தில் நாலு அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு சட்டென்று திரும்பினாள்.

"யாரது?"

"நாந்தாங்க டீச்சர், ராக்காயி."

தொழிலாளர் குடியிருப்பான மேல் லயத்து ராக்காயி. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். கம்பளித் துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு, பிடிபட்டவள் மாதிரி நின்றாள்.

"பயந்தே போயிட்டேன். இந்நேரத்துல எங்க போற?"

"எங்கயும் இல்லீங்க. நீங்க பாட்டுக்கு நடங்க. நான் பின்னாலேயே வர்றேன்."

டோரீன் நடந்தாள். பயம் போன இடத்தில் என்னவோ ஒரு இதம் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து அவளோடு யாரும் சேர்ந்து நடந்ததில்லை.

தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு இந்த மலைக்கு வந்த முதல் வெளியூர் டீச்சர் அவள். ஹட்டனிலிருந்து வலப்பனைப் பக்கம் வந்து சேர்வதற்குள் பஸ் மாறி மாறி உடம்பு நொந்துவிடும். பள்ளிக்கூடம் விட்டால் மறுநாள் மணி அடிக்கும்வரை பேச ஆள் கிடையாது. பாதையில் எதிர்ப்பட்டால் பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒதுங்கி வழி விடுவார்கள். மரியாதைதான். அந்த மரியாதை பொழுது சாய்ந்தால் நாலு சுவராக அவளைச் சுற்றி நிற்கும்.

ஒருநாள் சோறு வடிக்கும்போது யாரோ பேசுவது கேட்டது. தன் குரல்தான் என்று தெரிந்ததும் பயந்துபோனாள். மறுநாளே தலைமையாசிரியர் செல்லசாமியிடம் மாற்றல் கேட்டாள். இருட்டுவதற்குள் அது லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

நடைக்குக் காரணம் வேறு. பிரஷர் இருக்கிறது, காலையில் நடக்க வேண்டும் என்று ஹட்டன் டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மேடும் பள்ளமுமான தோட்டத்தில் சமதரை என்றால் பள்ளிக்கூடத்துக்குக் கீழே உள்ள புல்வெளி ஒன்றுதான். நடுவில் ஒரு கிழட்டு மரம், அதன் அடியில் நாலைந்து கல். அதைச் சுற்றிச் சுற்றி நடந்தால் கால் வழுக்காது.

மறுநாள் ராக்காயியோடு அதே லயத்துப் பூரணியும் வந்தாள். அந்த வாரத்திலேயே வீரம்மாவும் சேர்ந்துகொண்டாள். நடக்கும்போது ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள். முடிந்தபின் டோரீனின் வாசலில் தேயிலைச் சாயத்தண்ணி குடிக்கும்போதுதான் பேச்சு. அதைக் குடித்துவிட்டு வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடுவார்கள்.

"டீச்சர் போற வேகத்துக்குக் கங்காணி தோத்தாரு" என்பாள் பூரணி.

"ஆமா, தலையில கூடையை மாட்டிவிட்டுப் பாரு. அப்பத் தெரியும் வேகம்" என்பாள் வீரம்மா.

டோரீன் கோப்பை தளும்பச் சிரிப்பாள். தனக்கு இப்படிச் சிரிக்க வரும் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

ஒருநாள் ஒரே பக்கமாகச் சுற்றித் தலை கிறுகிறுக்க, எதிர்ப்பக்கமாகத் திரும்பி நடக்கப் பார்த்தாள். மூன்று பேரும் பதறிப்போனார்கள்.

"வேணாங்க டீச்சர்! இந்தப் பக்கமாவே போவோம்."

"செக்குமாடு தோத்துச்சு உங்ககிட்ட" என்று சிரித்துவிட்டு, அவர்கள் சொன்ன பக்கமே நடந்தாள். அன்று வாசலில் கேட்டாள்:

"நாள் பூரா மலை ஏறி எறங்குறீங்க. உங்களுக்கு எதுக்கு இந்த நடை?"

ராக்காயி கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க ஒத்தையில சுத்துறதைப் பாக்க மனசு கேக்கலீங்க."

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு டோரீன் அன்று முழுதும் இருந்தாள். கரும்பலகையில் எழுதும்போது அது கூட வந்தது. படுத்தபோதும் கூட இருந்தது.

மறுநாள் செல்லசாமி மாஸ்டரிடம் போய் நின்றாள்.

"எனக்கு மாற்றல் வேணாம் சேர்."

"நல்லா யோசிச்சீங்களா டீச்சர்? கல்விக் கந்தோர்ல உங்க மாற்றல் முடிஞ்ச மாதிரிதான். இப்ப விட்டீங்கன்னா இனி அஞ்சாறு வருஷத்துக்கு இந்தப் பேச்சையே எடுக்க முடியாது."

"யோசிச்சிட்டேன் சேர். நிறுத்திடுங்க."

அவர் அன்றே ஆள் அனுப்பி நிறுத்திவிட்டார்.

மறுநாள் காலையில் மூட்டம் விலகியிருந்தது. மூவரும் வந்ததும் டோரீனுக்கு நடந்து முடிக்கும்வரை பொறுக்கவில்லை. பாதிச் சுற்றிலேயே நின்று திரும்பினாள்.

"ஒரு சந்தோஷமான சேதி சொல்லட்டுமா?"

"கெடைச்சிருச்சா டீச்சர்?" பூரணி ஆவலோடு முன்னால் வந்தாள்.

"நான் எங்கயும் போகலை. மாற்றல் வேணாம்னு சொல்லிட்டேன். இனி உங்களோடதான்."

அவர்கள் சிரிப்பார்கள் என்று காத்திருந்தாள். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்றுகூட நினைத்திருந்தாள். வீரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ராக்காயி மரத்தடிக் கல்லைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள்.

"என்னங்க டீச்சர் இப்படிப் பண்ணிட்டீங்க! ஒங்களுக்கு மாத்தல் கெடைக்கட்டும்னுதானே நாங்களும் கூடச் சேந்து முனியாண்டியைச் சுத்துனோம்!"