நாங்க

திரையில் அவன் அழுதபடி கைகளை உதறினான்.

மைக்கின் முன்னால் அவளும் உதறினாள். ஈரத்துணியை உதறுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"சோகம் பத்தலைம்மா," என்றார் இயக்குநர், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.

படங்களில் கேட்கிற காலடி, கொலுசு, கதவுச் சத்தம் எல்லாம் அவள் கைவேலை. எத்தனையோ கதாநாயகிகளுக்காக மாடிப்படி ஏறியிருக்கிறாள். வில்லன்களுக்காக எலும்பு முறித்திருக்கிறாள். எலும்பென்றால் முருங்கைக்காய்.

இந்தப் படத்து நாயகனுக்கு ஆட்டிசம்; உணர்ச்சி பொங்கினால் கைகளை உதறுவான். காலையிலிருந்து அவனுக்காகக் கைகளை உதறிக்கொண்டிருக்கிறாள். ஆறு காட்சி முடிந்துவிட்டது. ஆறிலும் அழுகை. இது ஏழாவது.

பாவம், படம் முழுக்க அந்தப் பிள்ளைக்கு ஒரு நல்ல நாள்கூட வாய்க்கவில்லை.

அவளுக்கு வாய்த்திருக்கிறது. மழை பிடித்தால் உதறுவாள். குக்கர் சரியாக மூன்றாவது விசில் அடித்தால் உதறுவாள்.

வீட்டில். கதவைச் சாத்திக்கொண்டு.

பதினோரு வருஷமாக இந்த ஸ்டுடியோவில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்களோ என்று பயம்.

இன்று பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

"துக்கத்துலயும் உதறுவோம் சார். ஆனா சந்தோஷத்துலதான் நாங்க நிறைய உதறுவோம்."

நாங்க.

வாய் தவறி வந்ததல்ல. 'அவங்க' என்று மாற்றிச் சொல்ல நேரம் இருந்தது. அவள் மாற்றவில்லை.

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒலிப்பதிவாளர் சேவியர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, யாரையும் கேட்காமல், ராட்டினக் காட்சியைத் திரையில் போட்டார். பொருட்காட்சியில் நாயகன் முதுகைக் காட்டி நிற்கிறான். எதிரே ராட்டினம் சுற்றுகிறது. அவன் கைகள் ஃபிரேமுக்குள் இல்லை.

இயக்குநர் முன்னால் குனிந்து திரையைப் பார்த்தார்.

"இதுல எப்படி இருக்கும்?"

கைகளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவை தோள்வரை எழுந்தன. பத்து விரலும் படபடத்தன. மைக் முன்னால் குதிக்கக் கூடாதென்று எல்லோருக்கும் சொல்பவள் அவள்தான். குதித்தாள். அடக்க மாட்டாத சந்தோஷம்.

காட்சி முடிந்தது. இயக்குநர் கட்டைவிரலை உயர்த்தினார்.

முதல் டேக்கே சரியாக வந்துவிட்டது. சேவியருக்கும் அது தெரியும்.

"ஒன் மோர்," என்றார்.