கடையில் வாங்கிய குஸ்குஸ்

பெட்டியைத் திறந்த நசீமா திகைத்துப்போனாள். துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த பாக்கெட்டுகளில் ஒன்றுகூட இல்லை.

சோள ரொட்டி, அரிசி மாவு பிஸ்கட், அவளுக்கு ரொம்பப் பிடித்த பேரீச்சம்பழம் வைத்த கேக். எல்லாமே கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் இல்லாதவை. கோதுமை அவள் உடம்புக்கு ஆகாது. ஒரு துண்டு ரொட்டி உள்ளே போனால் போதும், வயிறு அவளைச் சுருட்டிப் போட்டுவிடும்.

அந்த அறைக்குள் வரக்கூடியவர் ஒரே ஆள்தான். மாமியார் கெய்ரா.

உடனே அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"பெட்டியைக் குடையிறாளா? பொண்ணு பார்க்க வந்தப்பவே நினைச்சேன், அந்தப் பொம்பளை பார்வையே சரியில்லைன்னு."

"இப்ப என்னம்மா பண்றது?"

"வாயைத் திறக்காதே. நோயாளியைத் தலையில கட்டிட்டோம்னு இந்த மொஸ்தகனேம் ஊரே பேசும். முனீர் லீவுல வந்து அவனே சொல்லட்டும். இன்னிக்கு வெள்ளிக்கிழமை வேற, கோதுமை ரவையை உருட்டிக் குஸ்குஸ் அவிச்சிருப்பா, எல்லாரும் கூடித் திங்கணும்பா. வயித்து வலின்னு படுத்துக்கோ."

கணவன் முனீருக்கு எல்லாம் தெரியும். அம்மாவிடம் தானே பக்குவமாகச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, தெற்கே பாலைவனத்தில் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போயிருந்தான். அவன் வரும்வரை கதவைச் சாத்திக்கொண்டு பாக்கெட்டுகளைத் தின்று காலத்தை ஓட்டிவிடலாம் என்றிருந்தாள் நசீமா.

கதவு தட்டப்பட்டது.

"ஜுலைகா வந்தாச்சு. எல்லாரும் உட்கார்ந்தாச்சு. வா."

"வயிறு சரியில்லை மாமி."

"போன வெள்ளிக்கிழமையும் இதையேதான் சொன்னே. இன்னிக்கு நீ எங்ககூட சாப்பிட்டே ஆகணும்."

குரலில் மறுப்புக்கு இடமில்லை.

கூடத்தில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடும் பெரிய சஹன் தட்டில் குஸ்குஸ் ஆவி பறக்க இருந்தது. மேலே ஆட்டுக்கறி, பூசணி, கொண்டைக்கடலை. மாமனாரும் அவர் தங்கை ஜுலைகாவும் அவள் மகள்களும் கரண்டியும் கையுமாகச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கெய்ரா தன் பக்கத்திலேயே நசீமாவை உட்கார வைத்து, கையில் கரண்டியைக் கொடுத்தாள்.

"கறியை மட்டும் பொறுக்காதே. குஸ்குஸை எடு."

எல்லோரும் பார்த்தார்கள். வேறு வழியில்லை. பிஸ்மி சொல்லி ஒரு வாய் போட்டாள்.

மென்றவள் சட்டென்று நிறுத்தினாள். இது கோதுமை ரவை இல்லை. சோளம். பிறந்த வீட்டில் அம்மா பாக்கெட்டில் வாங்கிச் செய்து கொடுக்கும் அதே சோளக் குஸ்குஸ்.

கெய்ரா அவளைப் பார்க்கவில்லை. கணவருக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஜுலைகா ஒரு வாய் தின்றுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்ன மதினி இது? மணல் மாதிரி உதிருது. கடையில வாங்கினதா?"

"ஆமா."

"உங்க கையால உருட்டின குஸ்குஸுக்காக மூணு தெரு தாண்டி வர்றேன். எனக்குக் கடைச் சரக்கா?"

"சோம்பலா இருந்துச்சு ஜுலைகா."

"மருமக வந்ததும் சோம்பலும் வந்துருச்சாக்கும். அடுப்படியில பார்த்தேன், ஆவிப் பானைகூடப் புதுசு. பழசைக் கழுவக்கூட முடியலையா?"

மகள்கள் சிரித்தார்கள். மாமனாரும் மீசைக்குள் சிரித்தார். கெய்ரா முகம் சிவந்துபோயிற்று. ஆனாலும் ஜுலைகா பக்கம் இன்னொரு கறித்துண்டைத் தள்ளி வைத்தாள்.

நசீமா மட்டும் வயிறு நிறையச் சாப்பிட்டாள். புகுந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இன்றுதான் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள்.

விருந்தாளிகள் போனதும் அடுப்படிக்கு வந்தாள்.

"மாமி, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கெய்ரா அலமாரிக் கதவைத் திறந்தாள். காணாமல்போன பாக்கெட்டுகள் வரிசையாக நின்றன. பக்கத்தில் அதே மாதிரிப் புதுப் பாக்கெட்டுகள் இன்னொரு வரிசை.

"உன் பெட்டியைத் திறந்தது தப்புதான். என் சமையல் பிடிக்காம ஒளிச்சு வெச்சுத் திங்கிறியேன்னு கோவம். இதுல அப்படி என்ன ருசி இருக்குன்னு கேட்கத்தான் கடைக்கே தூக்கிட்டுப் போனேன். கடைக்காரன்தான் விவரம் சொன்னான். பழைய பானையில கோதுமை ஒட்டியிருக்கும், அதுவும் ஆகாதுன்னான்."

நசீமா ஒரு புதுப் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"நான் முன்னாடியே சொல்லியிருக்கணும் மாமி. பயமா இருந்துச்சு."

"நான் அப்படி ஒரு மாமியாரா இருந்திருக்கேன் போல." கெய்ரா பேரீச்சம்பழக் கேக்கைப் பிரித்து ஒரு துண்டை அவளிடம் நீட்டினாள். இன்னொன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். "இது பரவால்ல. அந்த ரொட்டிதான் அட்டை மாதிரி இருக்கு. அதை எப்படித்தான் திங்கிறியோ."

நசீமா சிரித்துவிட்டாள். பிறகு தயங்கிக் கேட்டாள்.

"எனக்காகத்தான் செஞ்சேன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே மாமி? எவ்வளவு கேலி பேசிட்டாங்க."

"என்னைக் கேலி பேசினது சாயங்காலம் மறந்துடும். உன்னைப் பத்திச் சொல்லியிருந்தா, பாவம்னு சொல்லி உனக்குத் தனித்தட்டு வெச்சிருப்பாங்க."