ராகுகாலம் முடியட்டும்

"ராகுகாலம் பாக்கற ஆப்புல கிரிக்கெட் பந்தய விளம்பரமா? உனக்கென்ன பைத்தியமா ஷர்மிளா?"

வெங்கடேஷின் குரல் மாதுங்கா ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். அந்தச் சின்ன விளம்பரக் கம்பெனிக்கு அவர்தான் முதலாளி. மூன்று பேர் வேலை செய்யும் இடத்தில் முப்பது பேருக்குப் பேசுவார்.

ஷர்மிளா மேஜைமேல் இருந்த ஆபீஸ் போனை எடுத்துப் பார்த்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். பந்தயக் கம்பெனி நடத்தும் சேட்டுக்கு, எங்கே விளம்பரம் போட்டால் ஆள் சிக்கும் என்று இன்றைக்குள் காட்டியாக வேண்டும். காட்டினால் சேட்டின் மொத்த வேலையும் கைக்கு வரும், அவள் வேலையும் பெர்மனென்ட் ஆகும். இல்லாவிட்டால் இரண்டும் போச்சு.

வேடிக்கை என்னவென்றால், இத்தனை நாளும் பந்தய வேலை என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவள் இவள். "அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் சார்" என்ற அதே வாய்தான் போன வாரம், "இதை நானே பாத்துக்கறேன்" என்றது. வேலை நிரந்தரமாகிறது என்றால் பாவமாவது புண்ணியமாவது என்று வெங்கடேஷ் தனக்குள் சிரித்துக்கொண்டார். இப்போது அந்தச் சிரிப்பு இல்லை.

"ரீல்ஸ்ல போடலாம்னேன், வேணாம்னே. ட்ரெயின் டைம் பாக்கற ஆப்புல போடலாம்னேன், அதுவும் வேணாம்னே. பசங்க எல்லாம் அங்கதானே இருக்கான்? பஞ்சாங்கம் பாக்கற ஆப்புல யாரு இருக்கா?"

"பசங்க பாத்துட்டுத் தள்ளிருவாங்க சார். நல்ல நேரம் பாத்து, ராகுகாலம் கழிச்சுப் பந்தயம் கட்டுற ஆளுங்க இருக்காங்க. அவங்களால விட முடியாது."

"சரி, தமிழ்ல ஏன் போட்டே? பம்பாய்ல எத்தனை பேருக்குத் தமிழ் படிக்க வரது? எனக்கே எழுத்துக் கூட்டணும். அதுவும் டோம்பிவிலிக்கு மட்டும்! செம்பூரும் தாராவியும் என்ன பாவம் பண்ணித்து?"

"டோம்பிவிலி போதும் சார்."

சட்டத்துக்குப் பயந்து விளையாட்டுச் செய்தி என்ற பெயரில்தான் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. 'மேட்ச் வேண்டாம், டாஸுக்கு மட்டும் கட்டலாம். வாட்ஸாப் செய்யவும்' என்று ஷர்மிளாவே எழுதியிருந்தாள். மெசேஜ் வந்தால் மேஜைமேல் இருக்கும் போனுக்கு வரும். அனுப்பியவரின் நம்பரைச் சேட்டின் ஆட்களுக்குத் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அவளுடைய சொந்த போன் அடித்தது. தாராவியிலிருந்து அம்மா பிச்சம்மாள்.

"ஏட்டி, ஏதும் தெரிஞ்சுதா?"

"இன்னும் இல்லம்மா. தெரிஞ்சதும் நானே சொல்லுதேன்."

"செந்தூர் முருகனுக்கு நேந்திருக்கேன். கெடைச்சிரும்ட்டி."

போனை வைத்துவிட்டு ஷர்மிளா ஜன்னல் பக்கம் போனாள். ஒரு லோக்கல் ட்ரெயின் போயிற்று, இன்னொன்று வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள், உட்கார முடியாமல் எழுந்தாள். காலையில் வாங்கி வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது.

"ஒன்றரை மணி நேரம் ஆகப்போறது. ஒரு மெசேஜ் வந்துதா? சேட்டு இப்பக் கூப்பிடுவான், நான் என்ன சொல்றது?"

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை சார். பன்னெண்டு வரைக்கும் ராகுகாலம். முடியட்டும்."

வெங்கடேஷ் தலையில் அடித்துக்கொண்டார்.

பன்னிரண்டு தாண்டியது. திடீரென்று மேஜைமேல் போன் அதிர்ந்தது. ஷர்மிளா பாய்வதற்குள் வெங்கடேஷ் அதை எடுத்துவிட்டார்.

"உ... மேல ஒரு 'உ' போட்டிருக்கான். பிள்ளையார் சுழி! பந்தயத்துக்கா?" அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "டா... டாஸுக்கு மட்டும்... இன்னைக்கே கட்டலாமா? அரே, மாட்டினது ஒரே ஒரு பக்ரா, ஒரே ஒரு ஆடு! இதைச் சேட்டுகிட்ட எந்த மூஞ்சிய வெச்சிண்டு காட்டறது?"

"ஒண்ணு போதும் சார்."

போனை அவர் கையிலிருந்து கிட்டத்தட்டப் பிடுங்கினாள். கம்ப்யூட்டருக்கு ஓடி, முதல் காரியமாக விளம்பரத்தை நிறுத்தினாள்.

"ஏய், என்ன பண்றே? இப்பத்தானே வர ஆரம்பிச்சிருக்கு!"

"வேற யாரும் மாட்ட வேண்டாம் சார்."

"அந்த நம்பரையாவது சேட்டோட ஆளுக்கு அனுப்பு!"

"அனுப்ப மாட்டேன்."

"உன் வேலை போயிடும் ஷர்மிளா!"

அவள் அதற்குள் மாடிப்படிக்கு வந்துவிட்டாள். பின்னாலேயே ஓடி வந்த வெங்கடேஷ், அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். அவள் அந்த நம்பரை அழுத்திக் காதில் வைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

மறுமுனையில் ரயில் சத்தம். அதற்கு நடுவே கட்டைக் குரல் ஒன்று, ரகசியம் பேசுவதுபோல் கேட்டது.

"ஹலோ, டாஸுக்குத்தானே? நம்பிக் கட்டலாமா?"

ஷர்மிளா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி பேசினாள்.

"யப்பா, நான் ஷர்மிளா. போனை வச்சிராதீங்க... டோம்பிவிலில உங்களப் பாத்ததாச் சொன்னாங்க, அதான் இப்படித் தேடுனேன். பந்தயத்துல போனது போகட்டும், அம்மா ஏச மாட்டா, வீட்டுக்கு வாங்க."