வெடி போடாத ஊர்

தீக்குச்சி மூன்றாவது தரமும் அணைந்தது.

மார்கழிப் பனி. குளத்தங்கரை முழுக்க ஈரம். அவள் முந்தானையால் காற்றை மறைத்துக்கொண்டு அடுத்த குச்சியை எடுத்தாள்.

கீழே துப்பாக்கி வெடித்தது. கருவேல மரத்திலிருந்து ஒரு நாரை தண்ணீரில் விழுந்தது. கூட்டில் அதன் குஞ்சுகள் இரைக்கு வாயைப் பிளந்துகொண்டு இருந்தன.

மூன்று நாளாக இதே கூத்து. டவுனிலிருந்து ஜீப்பில் மூன்று பேர். விடிந்ததும் வருவார்கள். சாக்கு நிறைந்ததும் போவார்கள்.

சத்தம் ஊரில் எல்லார் காதிலும் விழுந்தது. ஒருவரும் எழுந்து வரவில்லை. பெரிய இடத்துப் பிள்ளைகளாம். நமக்கெதற்கு வம்பாம். வனத்துறைக்கு இரண்டு தடவை போன் போட்டாள். பார்க்கிறோம் என்றார்கள். பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள் போல.

இத்தனைக்கும் இது வெடி போடாத ஊர். நாரைகள் மிரளும் என்று நாலு தலைமுறையாகத் தீபாவளிக்குக்கூட ஒரு ஓலைவெடி கிடையாது. மீறினால் அந்த வீட்டோடு ஒரு வருஷம் யாரும் பேசக்கூடாது. நல்லது கெட்டதுக்கு வாசல் மிதிக்கக்கூடாது.

அவள் மகளுக்குத் தையில் கல்யாணம்.

தெரியாமலா வந்தாள்? நேற்று பஸ் ஏறிப் போய்ச் சரவெடி வாங்கி, முந்தானைக்குள் மறைத்துத்தான் கொண்டுவந்தாள்.

குச்சி பற்றியது. திரி சீறியது.

நாரைக்கூட்டம் மொத்தமாக எழும்பி வானத்தில் வட்டம் போட்டது.

சரம் வெடித்து ஓய்வதற்குள் ஊரே கரைக்கு ஓடி வந்துவிட்டது. துப்பாக்கிக்கு அசையாத ஊர்தான். கோலமாவுக் கையோடு பெண்கள், வாயில் பிரஷ்ஷோடு ஆண்கள்.

வந்தவர்கள் சாக்கைப் பார்த்தார்கள். அதில் ஒன்று இன்னும் காலை உதைத்துக்கொண்டிருந்தது.

பார்த்த பிறகு எப்படித் திரும்பிப் போவது? யாரோ ஜீப் சாவியை உருவினார்கள். “எங்கப்பா யாருன்னு தெரியும்ல?” என்றான் மூவரில் ஒருவன். தெரியும் என்பதுபோல் எல்லோரும் ஜீப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இந்த முறை நாற்பது போன் போனது. வனத்துறை வண்டி அரைமணி நேரத்தில் வந்து மூவரையும் ஏற்றிக்கொண்டு போனது.

ஊர்த்தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“அது சரி. வெடி போட்டது யாரு?”

“நாந்தான்” என்றாள். “மூணு நாளா அவனுவ சுட்டானுவ, ஒருத்தரும் வரல. நான் போட்டதும் வந்துட்டீய. இனியும் எவனாவது சுட்டா, இனியும் போடுவேன்.”

கட்டுப்பாடு கட்டுப்பாடுதான் என்றார் தலைவர். இன்றிலிருந்து ஒரு வருஷம்.

எதிர்பார்த்ததுதான். இருந்தும் மகளிடம் என்ன சொல்வாள்? தலையைக் குனியாமல் கரையிலிருந்து இறங்கினாள். கூட்டம் விலகி வழிவிட்டது. முகம் கொடுக்க ஆளில்லை.

கடைசியில் நின்றவள் மட்டும் விலகவில்லை. தலைவரின் பெண்டாட்டி சொர்ணம்.

“ஏட்டி முப்பிடாதி, கல்யாணம் தை எட்டா, பத்தா?”

ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டாள். பதில் வராமல் நகர்வதாகவும் இல்லை.