எதுவும் ஒத்துக்காது

“நானும் உள்ளே வருவேன்” என்று ஆஸ்பத்திரியில் குடும்பக் கட்டுப்பாட்டு அறை வாசலில் மாமியார் எழுந்ததுமே, இன்றைக்குக் காரியம் நடந்த மாதிரிதான் என்று மருமகளுக்குத் தெரிந்துபோயிற்று.

பாவம், பேக்கரியில் கெஞ்சிக் கூத்தாடி அரைநாள் லீவு வாங்கி வந்திருந்தாள். “இன்னொரு பிரசவம் உன் உயிருக்கே ஆபத்தும்மா” என்று டாக்டர் அடித்துச் சொல்லியிருந்தார். வீட்டிலோ இரண்டும் பெண். பேரன் ஆசை எந்த மாமியாரை விட்டது!

நர்ஸ் மேஜைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

“இது மாத்திரை. தினமும் மறக்காம போடணும்.”

“மறக்காமலா? பாலை அடுப்புல வெச்சுட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போறவ இவ!” என்றாள் மாமியார்.

“அப்போ காப்பர்-டி. ஒரு தடவை வெச்சுட்டா வருஷக்கணக்கா கவலையில்லை. ஆரம்பத்துல ரத்தப்போக்கு கொஞ்சம் அதிகமா இருக்கலாம்.”

“ஏற்கெனவே வெளுத்துப்போய்க் கிடக்கா. இருக்கிற ரத்தமும் போகணுமா?”

“ஊசி போட்டுக்கலாம்.”

“ஊசியைக் கண்டாலே இவளுக்கு மயக்கம்.”

“சரி, அவர் உறை போட்டுக்கட்டும்.”

“யாரு, என் பையனா? மாசத்துக்கு ஒரு குடை தொலைக்கிறவனை நம்பியா?”

நர்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மருமகளுக்கோ தலை கிறுகிறுத்தது. மாத்திரையா, ஊசியா, காப்பர்-டியா? தனக்கு எது நல்லது என்று யோசிப்பதை விட்டுவிட்டு, மாமியார் வாயில் இன்னும் விழாதது எது என்று தேட ஆரம்பித்தாள்.

“சிஸ்டர், நான் ஆபரேஷனே பண்ணிக்கிறேன்.”

“வாயை மூடு! சின்னவ பிறந்தப்போ வயித்தைக் கிழிச்சதுக்கே இன்னும் நிமிர்ந்து நிக்க முடியல. மறுபடியும் கத்தியா?”

மருமகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “எல்லாத்துக்கும் வேண்டாம் வேண்டாம்னா நான் என்னதான் பண்றது அத்தை? நான் செத்தாலும் பரவாயில்லை, உங்களுக்குப் பேரன் வேணும், அதானே?”

மாமியார் ஆடிப்போய்விட்டாள்.

“பேரனா? அடிப்பாவி, நீ இருந்தாத்தானேடி எங்களுக்கு வீடு!”

மருமகளின் கண்ணைத் துடைத்துவிட்டு நர்ஸ் பக்கம் திரும்பினாள்.

“ஏம்மா, நானும் பார்த்துட்டே இருக்கேன், எல்லாத்தையும் இவ உடம்புலயே தேடறீங்களே! ஆம்பளைக்கும் ஒரு சின்ன ஆபரேஷன் இருக்காமே? வெளியே பெஞ்சுல போனை நோண்டிட்டு உட்கார்ந்திருக்கான் பாருங்க என் பையன், அவனை உள்ளே கூப்பிட்டு அதைச் சொல்லுங்க!”